கத்தோலிக்க வைசிராய் ரிப்பன் பிரபு



நம் குன்னம் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அரியலூரில் ரயிலேறி எழும்பூரில் இறங்குவது வழக்கம். வேலை தேடிப் போகும் பிள்ளைகளானாலும், பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகளானாலும், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் தலைகாட்டாமல் திரும்பியவர் குறைவு. அந்த ஸ்டேஷனை அடுத்து, வெள்ளை வெளேரென்று, நடுவில் மணிக்கூண்டோடு நீண்டு நிற்கும் மாளிகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரிப்பன் மாளிகை என்பது அதன் பெயர். சென்னை மாநகராட்சியின் அலுவலகம் அங்கேதான் நடக்கிறது.

ரிப்பன் யார் என்று கேட்டால், யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். அந்தத் துரை நம்மைப் போலவே பாவசங்கீர்த்தனம் செய்து, திருப்பலி கண்டு, நற்கருணை உட்கொண்ட கத்தோலிக்கர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறவியிலேயே கத்தோலிக்கர் அல்லர்; நாற்பத்தாறு வயதில், பேரும் புகழும் உச்சியில் இருந்தபோது, எல்லாம் கைவிட்டுப் போகும் என்று தெரிந்தே வேதத்தில் சேர்ந்தவர். இந்தியாவை ஆள வந்த வைசிராய்களில் முதல் கத்தோலிக்கர் அவரே. நம் விழா மலரில் அவரது வரலாற்றைச் சொல்வது பொருத்தமென்று தோன்றியது.

பிறப்பும் குடும்பமும்

ஜார்ஜ் பிரெடரிக் சாமுவேல் ராபின்சன் என்பது அவரது இயற்பெயர். 1827-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் இலண்டன் டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டில் பிறந்தார். அது இங்கிலாந்தின் பிரதம மந்திரி குடியிருக்கும் வீடு. தந்தையார் கோடெரிச் பிரபு அப்போது பிரதமர். நல்ல மனிதர், ஆனால் இளகிய மனம் படைத்தவர். தம் மந்திரிகளுக்குள் நடந்த சண்டையைத் தீர்க்க வழியறியாமல் மன்னர் முன்னிலையில் கண்ணீர் விட்டார் என்று சொல்வார்கள். பிரதமராகப் பாராளுமன்றத்தில் ஒரு நாள்கூட அமராமலே 1828 ஜனவரியில் பதவியை விட்டார். மகன் பிறந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. டவுனிங் தெரு வீடும் போயிற்று.

தாயார் சாரா சீமாட்டி வழியில் நமக்கு ஒரு உறவு உண்டு. அவருடைய தந்தை ஹோபார்ட் பிரபு 1794 முதல் 1798 வரை சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்தவர். அவர் கவர்னராக இருந்த காலத்திலேயே, 1796-ல், அவரது மனைவி காலமானார். ஆக, ரிப்பனுடைய தாய்வழிப் பாட்டனார் நம் கோட்டையிலிருந்து ஆட்சி செய்தவர். பேரன் பின்னொரு நாள் நாடு முழுவதற்குமே வைசிராயாக வருவான் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

ரிப்பனுக்கு முன் பிறந்த ஒரு ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் இறந்துபோயின. மிஞ்சியது இவர் ஒருவரே. அதனால் தாயார் இவரைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, கல்லூரிக்கும் அனுப்பவில்லை, படிப்பெல்லாம் வீட்டிலேதான். பிரபுக்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே மாதிரிப் பேசி, ஒரே மாதிரி எண்ணி வளர்ந்த காலம் அது. அந்த அச்சில் வார்க்கப்படாதவர் என்பதால்தானோ என்னவோ, பின்னாளில் தம் வகுப்பார் போகாத வழியில் போக இவருக்குத் துணிவிருந்தது.

இளமையில் அவரை ஈர்த்தது தொழிலாளர் இயக்கம். மாரிஸ், கிங்ஸ்லி, ஹியூஸ் என்ற மூவர் தலைமையில் கிறிஸ்தவ சோஷலிஸ்டுகள் என்றொரு கூட்டம் அப்போது இலண்டனில் இயங்கியது. சுவிசேஷம் ஏழைகளின் கூலியையும் குடியிருப்பையும் பற்றியது கூட என்பது அவர்கள் கொள்கை. இந்தக் கூட்டத்தில் சேர்ந்த ஒரே பெரிய பிரபு வீட்டுப் பிள்ளை ரிப்பன்தான் என்றே சொல்லலாம். 1852-ல் இயந்திரத் தொழிலாளர்கள் ஆலைகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டபோது அவர்களுக்குப் பொருளுதவி செய்தார். அதே ஆண்டில் மக்களாட்சியை ஆதரித்து ஒரு சிறு நூல் எழுதினார். அது மிகவும் கடுமையாக இருக்கிறதென்று அஞ்சி அவருடைய நண்பர்களே வெளிவராமல் தடுத்துவிட்டார்கள்!

1852-ல் ஹல் நகரத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அவருடைய ஏஜெண்டுகள் வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்ததாக வழக்கு வந்து அடுத்த ஆண்டே தேர்தல் செல்லாது என்றாயிற்று. (ஓட்டுக்குப் பணம் என்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல என்பதை இதனால் அறியலாம்.) பிறகு வேறு தொகுதிகளில் நின்று வென்று பாராளுமன்றத்தில் அமர்ந்தார்.

1851 ஏப்ரலில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ஹென்றியெட்டா வைனர். இவர் ரிப்பனுடைய பெரியப்பாவின் மகளுக்கு மகள். அதாவது நம் பக்கத்துக் கணக்குப்படி அக்காள் மகள். ரிப்பன் அவருக்குத் தாய்மாமன் முறை. சீமையில் இது அபூர்வம், நமக்கோ பழகிய சமாச்சாரம். அடுத்த ஆண்டில் ஆலிவர் என்ற மகன் பிறந்தான். பின்னர் பிறந்த பெண் குழந்தை சிசுவிலேயே இறந்தது.

1859-ஆம் ஆண்டு ஜனவரியில் தந்தை இறந்தார். நவம்பரில் பெரியப்பா இறந்தார். பெரியப்பாவுக்கு ஆண் வாரிசு இல்லை. ஒரே ஆண்டில் இரண்டு பிரபுப் பட்டங்களும், இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் முப்பத்திரண்டு வயதுக்காரர் கைக்கு வந்தன. யார்க்ஷயரில் உள்ள ஸ்டட்லி ராயல் என்ற பெரும் பண்ணையும் அதில் அடங்கும்.

இந்தப் பண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதன் எல்லைக்குள் பவுன்டன்ஸ் மடம் என்ற பழைய துறவி மடத்தின் இடிபாடுகள் நிற்கின்றன. 1132-ல் நிறுவப்பட்டு, நானூறு ஆண்டுகள் சிஸ்டர்சியன் துறவிகள் இரவும் பகலும் கட்டளை ஜெபம் பாடிய இடம். எட்டாம் ஹென்றி அரசன் திருத்தந்தையோடு பகைத்துக்கொண்டு நாட்டிலுள்ள மடங்களை எல்லாம் பறித்தபோது, 1539-ல் அதுவும் மூடப்பட்டது. கூரை போயிற்று, தூண்களும் கோபுரமும் வானத்தைப் பார்த்து நின்றன. ரிப்பன் பிரபுவின் வீட்டிலிருந்து பூங்கா வழியே நடந்து போனால் அங்கே போய்ச் சேரலாம். பதினைந்து ஆண்டுகள் அந்த வழியில் அவர் நடந்திருக்கிறார்.

பதவிகளும் ஒரு துக்கமும்

அரசியலில் படிப்படியாக உயர்ந்தார். 1863-ல் யுத்த மந்திரி, 1866-ல் சில மாதம் இந்தியா மந்திரி. 1868-ல் கிளாட்ஸ்டன் பிரதமரானபோது மந்திரி சபையில் மூத்த இடங்களில் ஒன்று கிடைத்தது. இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் என்று வழி செய்த 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அவருடைய இலாகாவிலிருந்து வந்ததே. 1871-ல் அமெரிக்காவோடு யுத்தம் மூளலாம் என்றிருந்த சமயத்தில் வாஷிங்டன் சென்று உடன்படிக்கை செய்து திரும்பினார். அதற்காக மார்க்விஸ் என்ற பெரிய பட்டம் கிடைத்தது. இவற்றோடு, 1870 முதல் இங்கிலாந்திலுள்ள பிரீமேசன் சங்கங்கள் அனைத்துக்கும் மகா தலைவராகவும் இருந்தார். அரச குடும்பத்தாரும் அமர விரும்பிய நாற்காலி அது.

இந்த ஏற்றத்தின் நடுவில்தான் அந்தத் துக்கம் வந்தது. 1870 ஏப்ரலில், ஹென்றியெட்டா சீமாட்டியின் தம்பி பிரெடரிக் வைனர், கிரேக்க நாட்டில் மாரத்தான் போர்க்களத்தைப் பார்க்கப் போன இடத்தில் கொள்ளைக்காரர்களிடம் சிக்கினார். இருபத்து மூன்று வயது இளைஞர். மீட்புப் பணம் கேட்டார்கள். குடும்பம் பணம் திரட்டிற்று. பணம் போய்ச் சேருமுன் கிரேக்கப் படை துரத்த, பிடிபட்டவர்களில் நால்வரைக் கொள்ளையர் கொன்றுவிட்டார்கள். அவர்களில் வைனரும் ஒருவர். செலவாகாமல் நின்ற அந்த மீட்புப் பணத்தைக் கொண்டே தாயார் தம் ஊரில் ஒரு கோவிலும், தமக்கை ஸ்டட்லி பூங்காவில் ஒரு கோவிலும் கட்டினார்கள் என்று சொல்வதுண்டு. ஸ்டட்லிக் கோவிலுக்குப் புனித மரியாள் என்றே பெயர். 1871-ல் தொடங்கி 1878 வரை வேலை நடந்தது. வில்லியம் பர்ஜஸ் என்ற பெயர்பெற்ற சிற்பி அமைத்தது. உள்ளே பொன்னும் வண்ணமுமாய் ஜொலிக்கும். ஆனால் அது ஆங்கிலிக்கன் கோவில்.

கோவில் பாதி எழும்பி நின்ற வேளையில், அதே வீட்டின் தலைவருடைய உள்ளத்தில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1873-ல் மந்திரி பதவியிலிருந்து விலகினார். மாதக்கணக்கில் தனிமையில் படித்தார், சிந்தித்தார். 1874 செப்டம்பர் தொடக்கத்தில் பிரீமேசன் மகா தலைவர் பதவியை விடுவதாகச் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. சங்கத்தார் திகைத்தார்கள். சில நாளில் காரணம் தெரிந்துவிட்டது. செப்டம்பர் 7-ஆம் நாள் இலண்டன் பிராம்ப்டன் ஆரட்டரி ஆலயத்தில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.

செப்டம்பர் 7 என்றால் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. தேவ அன்னையின் பிறந்த நாளுக்கு முந்திய நாள். வேளாங்கண்ணியில் பெரிய தேர் புறப்படும் இரவு.

இன்றைக்கு ஒரு மந்திரி மதம் மாறினால் இரண்டு நாள் பத்திரிகைகளில் பேசுவார்கள். அன்றைய இங்கிலாந்து அப்படியல்ல. கத்தோலிக்கர்கள் பாராளுமன்றத்தில் அமரலாம் என்று சட்டம் வந்ததே 1829-ல்தான். திருத்தந்தைக்குக் கீழ்ப்படிகிறவன் தன் அரசிக்கு உண்மையாக இருக்கமுடியாது என்பது படித்தவர்களின் எண்ணமாகவும் இருந்தது. 1870-ல் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் தவறா வரத்தை அறிவித்தபின் அந்தச் சந்தேகம் இன்னும் கூடிற்று. இலண்டன் டைம்ஸ் பத்திரிகை தலையங்கமே எழுதிற்று: ரோமைச் சபையில் சேர்ந்த ஒரு ராஜதந்திரி ஆங்கில மக்களின் நம்பிக்கையை அந்தக் கணமே இழந்துவிட்டார், இனி அவருக்குப் பொது வாழ்வு கிடையாது என்பது அதன் சாரம். அதைவிட நெருக்கமான அடி கிளாட்ஸ்டனிடமிருந்து வந்தது. தலைவரும் நண்பருமான அவர், அதே ஆண்டு நவம்பரில், கத்தோலிக்கரின் ராஜவிசுவாசத்தையே கேள்விக்குள்ளாக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதற்கு நியூமன் மறுப்பு எழுதினார். ரிப்பன் வாய்ச் சண்டைக்குப் போகவில்லை, ஸ்டட்லிக்குத் திரும்பினார்.

வீட்டில் என்ன நடந்தது என்பதை நாம் ஊகித்தே அறியவேண்டும். ஹென்றியெட்டா சீமாட்டி கணவரைப் பின்பற்றித் திருச்சபையில் சேரவில்லை. கடைசி மூச்சுவரை ஆங்கிலிக்கனாகவே இருந்தார். கணவரை விட்டு விலகவும் இல்லை. தம்பியின் நினைவாகத் தாம் தொடங்கிய கோவிலைக் கட்டி முடித்தார். கணவருக்கோ மாளிகையை ஒட்டியே தனியாக ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயம் எழும்பிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே வீட்டிலிருந்து இருவர் இரண்டு பீடங்களுக்குப் போவார்கள். மதியம் ஒரே மேசையில் உண்பார்கள். கலப்பு மணத்தின் சங்கடங்களை அறிந்த குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு. இரண்டு வேதத்தாரும் ஒரே வீட்டில் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒருவரையொருவர் வற்புறுத்தாமல் வாழ்ந்தார்கள் என்பதை, அந்த மாளிகையின் வேறெந்தச் சிறப்பைவிடவும் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

வைசிராய்

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1880-ல் கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதமரானார். கத்தோலிக்கரை நம்பமுடியுமா என்று எழுதிய அதே கிளாட்ஸ்டன், இந்தியாவை ஆள ரிப்பனையே தேர்ந்தெடுத்தார்! விக்டோரியா அரசிக்கு இதில் தயக்கம். புரோட்டஸ்டாண்டு சங்கங்கள் கண்டனக் கூட்டங்கள் நடத்தின. அயர்லாந்தின் வைசிராயாகக் கத்தோலிக்கர் வரக்கூடாது என்று சட்டமே இருந்தது. இந்தியாவுக்கு அப்படித் தடை எழுதி வைக்கத் தோன்றாமல் போனது நம் அதிர்ஷ்டம். 1880 ஜூன் 8-ஆம் நாள் சிம்லாவில் பதவியேற்றார். ஆன்ம குருவாக உடன் இருந்தவர் ஹென்றி கெர் என்ற இயேசு சபைக் குரு. முன்பு கடற்படை அதிகாரியாக இருந்தவர்.

அவர் வந்தபோது நாடு இருந்த நிலை என்ன? தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்கள் சொல்லியாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் இலட்சக்கணக்கான மக்கள் சோறின்றி மடிந்தார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான், 1877 ஜனவரி முதல் நாள், முந்திய வைசிராய் லிட்டன் பிரபு தில்லியில் பெரும் தர்பார் நடத்தினார். அரசாங்கத்தைக் குறைகூறிய வங்காளம் முதலிய சுதேச மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்க 1878-ல் ஒரு சட்டம் போட்டார். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. போதாக்குறைக்கு ஆப்கானிஸ்தானத்தில் யுத்தம்.

ரிப்பன் முதலில் யுத்தத்தை முடித்துப் படையைத் திரும்ப அழைத்தார். 1881-ல் மைசூர் ராஜ்யத்தை அதன் அரச வம்சத்திடம் திருப்பிக் கொடுத்தார். அதே ஆண்டில் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை ஆலையில் வேலைக்கு வைக்கக்கூடாது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இன்று படிக்கும்போது இது ஒரு சலுகையா என்று தோன்றும். அன்று அதுவும் இல்லை. 1882-ல் உப்பு வரியைக் குறைத்தார். பத்திரிகை வாய்ப்பூட்டுச் சட்டத்தை ரத்துச் செய்தார். அவ்வாண்டில்தான் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனைத் தொடங்கினார். பஞ்சம் வந்தால் அதிகாரிகள் என்னென்ன செய்யவேண்டும் என்ற விதித் தொகுப்பு 1883-ல் வகுக்கப்பட்டது.

ஆனால் நம் ஊர் வாசல்வரை வந்த காரியம் வேறொன்று. 1882 மே 18-ஆம் நாள் அவர் ஒரு தீர்மானம் வெளியிட்டார். ரோடு, குளம், விளக்கு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற உள்ளூர்க் காரியங்களை உள்ளூராரே பார்க்கட்டும். சபைகளில் சர்க்கார் அதிகாரிகளைவிட வெளியார் கூடுதலாக இருக்கட்டும். முடிந்த இடத்தில் தேர்தல் நடக்கட்டும் என்பதே அதன் கருத்து. நிர்வாகம் முதலில் கொஞ்சம் கெட்டாலும் பாதகமில்லை, மக்கள் அரசியல் பழகவேண்டும் என்று அவர் கருதினார். கலெக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. சென்னை ராஜதானியில் 1884-ல் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, கீழே யூனியன் என்று மூன்று அடுக்கு. ஜில்லா போர்டுக்குக் கலெக்டரே தலைவராக உட்கார்ந்துகொண்டார் என்பதும் உண்மைதான். ஆயினும் விதை விழுந்துவிட்டது. அன்று நம் பகுதி திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தது. ஜில்லா போர்டு ரோடு, ஜில்லா போர்டு பள்ளிக்கூடம் என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்த வார்த்தைகளுக்கு மூலம் அந்தச் சட்டமே. அந்தச் சட்டத்துக்கு மூலம் ரிப்பனின் தீர்மானம். இன்று நாம் ஓட்டுப் போட்டு ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம். அதற்கு முன்னோடியாக ஒரு கத்தோலிக்கர் போட்ட கையெழுத்து இருக்கிறது.

இனிச் சொல்லவேண்டியது அவ்வளவு இனிப்பானதல்ல. வெளியூர்களில் ஒரு வெள்ளைக்காரன் குற்றம் செய்தால், இந்திய நீதிபதி அவனை விசாரிக்க முடியாது என்று அன்று சட்டம் இருந்தது. நீதிபதி இலண்டனில் பரீட்சை எழுதித் தேறி வந்தவராக இருந்தாலும் சரி. தோட்டத்தில் கூலியாளை ஒரு துரை அடித்துக் கொன்றால், வழக்கு வெள்ளைக்கார நீதிபதியிடம்தான் போகவேண்டும். இந்த வேற்றுமையை நீக்க 1883 பிப்ரவரியில் சட்ட மந்திரி இல்பர்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். அவ்வளவுதான், நாட்டிலுள்ள வெள்ளையர் எல்லாம் கொதித்தெழுந்தார்கள். கல்கத்தாவில் கண்டனக் கூட்டம், வைசிராய் மாளிகை விருந்துகளுக்குப் போகக்கூடாதென்று பகிஷ்காரம், தெருவில் அவமதிப்பு. வைசிராயைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிச் சீமைக்கு அனுப்பிவிடச் சிலர் சதி செய்ததாகவும் சொல்லப்படுகிறது. சொந்த இனத்தாரால் இவ்வளவு வெறுக்கப்பட்ட வைசிராய் வேறொருவர் இலர்.

ஓராண்டு பொறுத்தார். கடைசியில், 1884 ஜனவரியில், விட்டுக்கொடுத்தார். இந்திய நீதிபதி விசாரிக்கலாம். ஆனால் குற்றவாளி கேட்டால் ஜூரி வைக்கவேண்டும், ஜூரியில் பாதிப்பேராவது வெள்ளையராக இருக்கவேண்டும் என்று சமரசம் ஆயிற்று. அதாவது வேற்றுமை வேறு வாசல் வழியே உள்ளே வந்துவிட்டது. ரிப்பன் மீது எவ்வளவு அன்பிருந்தாலும் இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மந்திராலோசனைச் சபையிலும் இலண்டனிலும் அவருக்குப் போதிய துணை இல்லை என்பது உண்மை. ஆனால் வேதத்துக்காக எல்லாவற்றையும் இழக்கத் துணிந்தவர், இதிலும் பதவியை வீசியெறிந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. அப்படிச் செய்திருந்தால் தீர்மானமும் போர்டுகளும் பின்வந்தவர் கையில் என்ன ஆகியிருக்கும் என்று எதிர்க்கேள்வியும் உண்டு. இரண்டையும் எடைபோட்டு வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

அந்நாளைய இந்தியர்கள் மன்னித்துவிட்டார்கள் என்றே தெரிகிறது. 1884 டிசம்பரில் அவர் விடைபெற்றபோது, வடநாட்டு நகரங்களிலிருந்து பம்பாய்த் துறைமுகம் வரை வழியெல்லாம் ஜனத்திரள். அதற்குமுன் எந்த வைசிராய்க்கும் அப்படியொரு வழியனுப்பு நடந்ததில்லை. வெள்ளையரின் கிளர்ச்சியிலிருந்து ஒன்றுகூடிப் போராடும் வித்தையை இந்தியத் தலைவர்கள் கற்றுக்கொண்டார்கள்; அடுத்த ஆண்டு டிசம்பரில் பம்பாயிலேயே காங்கிரஸ் பிறந்தது. சென்னை ராஜதானியிலோ ரிப்பனைத் தங்கள் அப்பன் என்றே மக்கள் சொல்லி வந்தார்கள். அவர் பெயரில் அச்சுக்கூடம் நடந்தது. பழைய தமிழ்ப் புத்தகங்களின் முதற்பக்கத்தில் ரிப்பன் அச்சியந்திரசாலை என்றிருப்பதை இன்றும் நூலகங்களில் காணலாம்.

பிற்காலம்

சீமை திரும்பியபின்னும் ஓய்வெடுக்கவில்லை. 1886-ல் கடற்படை மந்திரி; 1892 முதல் 1895 வரை குடியேற்ற நாடுகளின் மந்திரி. அந்த நாட்களில், 1894-ல், தென்னாப்பிரிக்கா நேட்டாலிலிருந்து பதினாயிரம் கையெழுத்துகளோடு ஒரு மனு அவருக்கு வந்தது. இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் தரக்கூடாது என்பது கோரிக்கை. மனுவை எழுதியவர் இருபத்து நான்கு வயது வக்கீல் மோகன்தாஸ் காந்தி. கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் தமிழர்களின் தலைவிதியும் அதில் அடங்கியிருந்தது. அந்த மசோதா அந்த உருவில் ஒப்புதல் பெறவில்லை. ஆனால் இனத்தின் பெயர் சொல்லாமல் 1896-ல் வேறொரு சட்டம் வந்துவிட்டது. அப்போது ரிப்பன் பதவியில் இல்லை.

ஏழைகளுக்கு வீடு தேடிப் போய் உதவும் புனித வின்சென்ட் தே பவுல் சபைக்கு இங்கிலாந்தில் அவர் தம் இறுதி ஆண்டுகளில் தலைவராக இருந்தார். நம் பங்குகளில் ஞாயிறு தோறும் உண்டியல் குலுக்கும் அதே சபைதான். 1907 பிப்ரவரியில் ஹென்றியெட்டா சீமாட்டி காலமானார். ஐம்பத்தாறு ஆண்டுத் துணை போயிற்று.

அடுத்த ஆண்டு அவருக்கு இன்னொரு சோதனை. 1908 செப்டம்பரில் அகில உலக நற்கருணை மாநாடு இலண்டனில் கூடிற்று. இறுதி நாளில் திவ்ய நற்கருணையை வீதியில் பவனியாக எடுத்துச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. முந்நூறு ஆண்டுகளுக்குமேல் இலண்டன் தெருக்கள் காணாத காட்சி. நம் ஊரில் நற்கருணைப் பவனி என்றால் தெருவில் கோலமிட்டுத் தோரணம் கட்டுகிறோம். பிற சமயத்தாரும் வழிவிட்டு நிற்பர். அங்கே எதிர்ப்புச் சங்கங்கள் கூச்சலிட்டன. பிரதமர் ஆஸ்கித் பயந்துபோனார். பவனியை நிறுத்திவிடும்படி பேராயர் போர்னிடம் தனியாகச் சொல்ல அவர் பிடித்த ஆள், மந்திரி சபையில் இருந்த கத்தோலிக்கரான ரிப்பன்! எண்பது வயதில், தம் ஆண்டவரை வீதிக்குக் கொண்டுவராதீர்கள் என்று தம் பேராயருக்கே தூது சொல்ல வேண்டிய நிலை. தூது சொன்னார். இரகசியமாகச் சொன்னால் போதாது, அரசாங்கம் வெளிப்படையாகக் கேட்கட்டும் என்றார் பேராயர். கடைசியில் நற்கருணை இல்லாமலே பவனி நடந்தது. திருத்தந்தையின் பிரதிநிதி கர்தினால் வன்னுத்தெல்லி, பேராலயத்தின் மாடத்தில் நின்று கூடியிருந்த மக்களுக்கு நற்கருணை ஆசீர் அளித்தார்.

அடுத்த மாதமே ரிப்பன் ராஜினாமா செய்தார். வயதையே காரணமாக வெளியில் சொன்னார்கள். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1874-ல் காரணம் சொல்லாமல் ஒரு பதவியை விட்டாரே, அதேபோல இப்போதும்.

1909 ஜூலை 9-ஆம் நாள் ஸ்டட்லி ராயலில் உயிர் நீத்தார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில், முதலில் நாம் பார்த்த மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. லோகநாத முதலியார் கட்டினார்; ஏழரை இலட்சம் ரூபாய் செலவு; 1913 நவம்பரில் திறந்தார்கள். அதன் வளாகத்தில் ரிப்பனுக்குச் சிலையும் உண்டு.

மகன் ஆலிவர் அரசியலில் பெயரெடுக்கவில்லை. இங்கிலாந்திலேயே தலைசிறந்த வேட்டைக்காரர் என்று பெயரெடுத்தார். சுட்டதையெல்லாம் கணக்கு எழுதி வைத்தார். ஐந்து இலட்சத்துக்கு மேல். 1923 செப்டம்பரில், காலையில் ஐம்பத்திரண்டு பறவைகளைச் சுட்டபின், வேட்டைக் களத்திலேயே விழுந்து இறந்தார். பிள்ளை இல்லை, ரிப்பன் பட்டம் அவரோடு முடிந்தது. ஸ்டட்லி மாளிகையும் 1946-ல் தீப்பற்றி அழிந்தது.

கோவில் மட்டும் நிற்கிறது. தம்பிக்காகத் தமக்கை கட்டிய அந்த ஆங்கிலிக்கன் கோவிலில்தான் கத்தோலிக்கரான ரிப்பனும் அடக்கம் செய்யப்பட்டார். கணவனும் மனைவியும் வெண்சலவைக்கல் உருவங்களாக அங்கே அருகருகே படுத்திருக்கிறார்கள்.